ஜிம்னி: தாண்டிக்குடி தோட்டத்துக்கு ஏற்ற வண்டிதானா?

மாருதி சுசூகியின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியான ஜிம்னி வாங்கலாமா, மஹிந்திரா தார் வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நீங்கள் போகிற பாதை எவ்வளவு அகலம் என்றுதான். என்ஜின் பவர், டச் ஸ்கிரீன் எல்லாம் அப்புறம். எங்களுடைய காபித் தோட்டம் தாண்டிக்குடி பக்கம், கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து ஷெட் வரைக்கும் மண் பாதைதான், ஒரு பக்கம் கல் கட்டு, மறு பக்கம் சரிவு, நடுநடுவே மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் பாதையை ஒட்டியே நிற்கும். ஜிம்னியின் அகலம் 1645 மி.மீ., தாரின் அகலம் 1820 மி.மீ., வித்தியாசம் ஒரு சாணுக்கும் குறைவுதான், ஆனால் அந்தப் பாதையில் கண்ணாடியை மடக்காமல் போவதும் மடக்கிவிட்டு ஒருத்தரைக் கீழே இறக்கி வழி சொல்லச் சொல்வதும் அந்தச் சாணில்தான் இருக்கிறது.

அடுத்தது எடை. ஜிம்னி கிட்டத்தட்ட 1200 கிலோ. மலையில் வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டிருக்கும்போதே காபிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிடுவோம், அதாவது பாதை மிக மோசமாக இருக்கிற மாதங்களில்தான் வண்டிக்கு வேலை அதிகம். அந்தச் சேற்றில் கனமான வண்டி முதலில் தன் எடையாலேயே இறங்கும், அப்புறம் எவ்வளவு பவர் இருந்தாலும் சக்கரம் குழிதான் தோண்டும். 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின், சுமார் 105 குதிரைத்திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க், இது காகிதத்தில் சாதாரணம்தான், டீசல் தாரின் 300 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் 4எல் என்ற, நாலு சக்கரமும் மெதுவாக இழுக்கிற நிலையைப் போட்டதும் சக்கரத்துக்குப் போகிற இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது, வண்டியும் லேசு, அதனால் எங்கள் ஏற்றத்தில் இதுவரை பவர் போதவில்லை என்று தோன்றியதே இல்லை.

மலையில் பழைய ஆட்களுக்கு இந்த வண்டி புதிதாகத் தெரியாது, ஏனென்றால் 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியும் இதே குடும்பம்தான், ராணுவத்திலும் வனத்துறையிலும் அதைப் பார்த்துப் பழகியவர்கள் நிறையப் பேர். ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங், இதில் முன்னும் பின்னும் காயில் ஸ்பிரிங், இடுப்புக்கு அது பெரிய வித்தியாசம். லேடர் ஃப்ரேம் சேஸிஸும் (ஏணி வடிவ இரும்புச் சட்டம்), முன்னும் பின்னும் ஒரே துண்டாக இருக்கும் அச்சும் மட்டும் மாறவில்லை.

ஃபோர் வீல் டிரைவ் புதிதாக வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஜிம்னியில் ஒரு குட்டி லீவர் இருக்கிறது, 2எச், 4எச், 4எல் என்று மூன்று நிலை. 2எச்சில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், 4எச்சில் நாலும் இழுக்கும், 4எல்லில் நாலும் மெதுவாக, ஆனால் கூடுதல் இழுவையோடு இழுக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற கியர் அமைப்பு, கிடையாது. வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும், 4எச்சில் இரண்டு அச்சும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும், அதனால் காய்ந்த ரோட்டில் அந்த வித்தியாசத்துக்குப் போக இடமில்லாமல் முறுக்கெல்லாம் கியர் பெட்டிக்குள் ஏறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும், ஆகவே பிரச்சினை இல்லை. மழை பெய்கிறதே என்று கொண்டை ஊசி வளைவுகளில் 4எச் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், நல்ல பிடிப்புள்ள ரோட்டில் அது வேண்டாம். 2எச்சிலிருந்து 4எச்சுக்கு நேராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், 4எல்லுக்கு மட்டும் வண்டியை நிறுத்தி, கிளட்சை முழுக்க மிதித்துத்தான் போட வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் நான் 4எல்லை அதிகம் நம்புகிறேன். மூட்டையோடு ஈர மண்ணில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் நின்றுபோய் வண்டி அப்படியே சறுக்கும். 4எல், முதல் கியர், கால் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டால் ஆள் நடக்கிற வேகத்தில் தானே இறங்குகிறது, ஸ்டியரிங்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பக்கத்துத் தோட்டத்து மாமா, முப்பது வருஷமாக ஜீப் ஓட்டுகிறவர், இதில் ஒரு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பயப்படாம இறங்குது" என்றார். எனக்கு அதைவிட நல்ல சான்றிதழ் தேவையில்லை.

ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் தொங்குகிற குழிகளில் என்ன ஆகும்? தரையில் பிடி இல்லாத சக்கரம்தான் சும்மா சுற்றும். ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுகிற டிஃபரன்ஷியல் லாக் ஜிம்னியில் கிடையாது, அதற்குப் பதிலாக சும்மா சுற்றுகிற சக்கரத்தை வண்டியே பிரேக் பிடித்து, இழுவையை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இது வேலை செய்ய ஒன்றிரண்டு நொடி ஆகும், கடகடவென்று சத்தம் வரும், அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிடாமல் ஒரே சீராக மிதித்துக்கொண்டே இருங்கள். பலரும் சத்தம் கேட்டதும் காலை எடுத்துவிட்டு, வண்டி மாட்டிக்கொண்டது என்கிறார்கள்.

சரி, கீழே இறங்கி நாலு வழிச் சாலைக்கு வந்தால் கதை வேறு. ஐந்தாவது கியருக்கு மேல் கியர் இல்லை, 100-ஐத் தாண்டினால் என்ஜின் சத்தம் உள்ளே நன்றாகவே கேட்கிறது. ஸ்டியரிங் பழைய பாணி அமைப்பு, சாதாரண கார்போல் சட்டென்று தானாக நேராகாது, கையால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஆடி மாதத்தில் தேனி, திண்டுக்கல் பக்கம் அடிக்கிற காற்றில் இந்தப் பெட்டி வடிவ வண்டியை 80-க்கு மேல் ஓட்ட நான் விரும்புவதில்லை. குடும்பத்தோடு மாதம் பல முறை சென்னைக்கு ஓடுகிறவர் என்றால் இதை வாங்காதீர்கள், அதே காசில் வசதியான கார்கள் எத்தனையோ இருக்கின்றன. உட்கார நாலு பேருக்குத்தான் இடம். டிக்கி 208 லிட்டர், அதில் நாலு பேருடைய பெட்டிகளும் வைக்க முடியாது. தரையிலிருந்து 210 மி.மீ. உயரம் என்பது பாறைக்கு நல்லது, முழங்கால் வலி இருக்கிற அம்மாவுக்கு நல்லதல்ல, கால் வைத்து ஏற ஒரு படி போட்டால் அது பாறையில் இடிக்கும். எங்கள் வீட்டில் ஒரு சின்ன முக்காலி வண்டியிலேயே கிடக்கிறது.

மைலேஜ் 16.94 என்று கம்பெனி கணக்கு. மலையில் எனக்கு 10, 11, சமவெளியில் நிதானமாகப் போனால் 14. டேங்க் 40 லிட்டர்தான், ஆகவே மலையேறும் முன் வத்தலக்குண்டிலேயே நிரப்பிவிடுவேன்.

பராமரிப்பு சாதாரண காரைவிடக் கொஞ்சம் கூடுதல். என்ஜின் ஆயில், கியர் ஆயில் தவிர, இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒன்று, முன் டிஃபரன்ஷியலுக்கு ஒன்று, பின்னதற்கு ஒன்று என்று தனித்தனியாக ஆயில் இருக்கிறது. ஓடையில் ஆழமாக இறக்கினால் அப்புறம் அந்த ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, உடனே மாற்ற வேண்டும். முன் சக்கரங்களுக்கு உட்புறம் அச்சு முனையில் உருண்டையாக ஒரு பாகம் இருக்கும், அதைச் சுற்றியுள்ள சீலில் சேறு காய்ந்தால் அரித்துவிடும், கழுவும்போது அங்கே தண்ணீர் காட்டுங்கள். டயர் விஷயத்தில், நல்ல சேறாக இருந்தால் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், டயர் அகலமாகப் பரவிப் பிடிக்கும். கூரான கல் இருக்கிற பாதையில் அப்படி இறக்கினால் டயரின் பக்கவாட்டு கிழியும். ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியில் இருக்கட்டும்.

முன்னால் இரும்புக் குழாய் பம்பர் போடச் சொல்லி கடைக்காரர்கள் வற்புறுத்துவார்கள், காட்டுமாட்டைக் காரணம் காட்டுவார்கள். வேண்டாம். மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே அதைத் தடை செய்துவிட்டது, ஏர்பேக் சரியான நேரத்தில் விரிவதையும் அது கெடுக்கும். காட்டுமாடு நிற்கிற வளைவில் மெதுவாகப் போவதுதான் வழி.

இங்கே இந்த வண்டி அதிகம் விற்கவில்லை, உதிரி பாகம் கிடைக்குமா என்று சிலர் தயங்குகிறார்கள். 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கிய விலை பலரைத் தள்ளி நிற்க வைத்தது உண்மை. ஆனால் என்ஜின் மாருதியின் சியாஸ் காரில் இருந்த அதே கே15பி, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகியது. குருகிராமில் செய்கிற இதே ஐந்து கதவு வண்டி 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகமானபோது நாலே நாளில் சுமார் 50,000 பேர் பதிவு செய்து, பதிவையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு சீக்கிரம் கைவிடப்படுகிற வண்டி இல்லை இது.

கடைசியாக ஆட்டோமேட்டிக்கா மேனுவலா என்ற கேள்வி. ஆட்டோமேட்டிக்கில் நாலே கியர்தான். டவுனில் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அது சுகம். தோட்டத்துக்கு என்றால் மேனுவல் எடுங்கள், மூட்டையோடு இறங்கும்போது கியரில் வண்டி நிற்கிற பிடி அதில் கூடுதல்.