பழைய தீயணைப்பு வண்டிகளா, நம்மூர் நிலையமா? பிள்ளைகளோடு போய்ப் பார்த்தது

சிங்கப்பூரில் சித்தி வீட்டில் நின்ற நாட்களில் ஹில் ஸ்ட்ரீட்டில் உள்ள மத்திய தீயணைப்பு நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பழைய தீயணைப்புக் கருவிகளுக்கென்றே அங்கே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் மட்டக்களப்பு மாநகர சபையின் தீயணைப்பு நிலையத்தையும் காட்டினேன். பத்து வயது மகளுக்கு முதலாவது பிடித்தது, ஐந்து வயது மகனுக்கு இரண்டாவது.

காட்சிக்கூடத்துக்கு நுழைவு இலவசம். நூறு ஆண்டு தாண்டிய செங்கல் கட்டடம், இன்றும் அங்கிருந்து வண்டிகள் தீயணைக்கப் புறப்படுகின்றன. நனைந்த குழாய்களை உயரத் தொங்கவிட்டு உலர்த்திய கோபுரமும் நிற்கிறது. பழைய வண்டிகளைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "அம்மா, மோட்டார் வரமுதல் தண்ணி எப்படி அவ்வளவு உயரம் போனது?" எங்கள் குழாய்க் கிணற்றை வைத்தே விளக்கினேன். அதில் கைபிடியை அழுத்த அழுத்தத் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வரும். பழைய தீயணைப்புக் கைப்பம்பில் இரண்டு பிஸ்டன்கள். இரு பக்கமும் ஆட்கள் நின்று மாறி மாறி அழுத்த, ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும். தண்ணீர் காற்றடைத்த ஒரு கலத்துக்குள் போகும். அங்கே நெருக்குண்ட காற்று அதை விடாமல் வெளியே தள்ளுவதால் தாரை அறாது. இப்படி நின்று பேச அருங்காட்சியகம்தான் நல்ல இடம்.

காட்சிக்கூடத்துக்குப் போகுமுன் 1961இல் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் பிடித்த தீயைப் பற்றியும் சொல்லுங்கள். ஓலைக் கூரை வீடுகள் எரிந்து ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்தார்கள். கிடுகு வேய்ந்த வீட்டை அறிந்த நம் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும்.

ஆனால் மகன் அங்கே அரை மணியில் சலித்துவிட்டான். நம்மூர் நிலையத்தில் அவனை இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. ஒரு தம்பி ஹெல்மெட்டைத் தலையில் வைத்துவிட்டார், குழாயின் பித்தளை முனையைத் தூக்கிப் பார்க்கவும் விட்டார். எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டான். பழைய பொருள் பார்க்க ஆசைப்பட்டால் இது சரிவராது. அழைப்பு வந்தால் அவர்கள் ஓட வேண்டும், நாம் உடனே விலகிவிட வேண்டும். அதையும் முதலே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

மட்டக்களப்புக் கோட்டையையும் சிலர் சொல்வார்கள். தீயணைப்புக்காக அங்கே போகத் தேவையில்லை. ஒரு தொடர்பு மட்டும் உண்டு: 1638இல் அதைப் பிடித்த ஒல்லாந்தரின் ஊரான ஆம்ஸ்டர்டாமில்தான் 1670களில் யான் வான் டெர் ஹெய்டன் என்பவர் தோல் குழாயைத் தீயணைப்புக்குக் கொண்டுவந்தார்.

ஏழு வயதுக்குக் கீழே என்றால் நம்மூர் நிலையமே போதும். பெரிய பிள்ளைக்கு, சிங்கப்பூர் போகும் வாய்ப்பிருந்தால், காட்சிக்கூடத்துக்கு ஒரு காலையை ஒதுக்குங்கள். நம்மூர் நிலையத்துக்குப் போவதானால் முதலே அனுமதி கேளுங்கள். ஆனால் 110க்கு எடுக்க வேண்டாம், அது அவசரத்துக்கு மட்டும். நேரில் போய்க் கேட்டால் நல்லது.