பாறையோடு வந்த நட்சத்திர மீன்: ஆஸ்டெரினாவா, பிரிட்டில் ஸ்டாரா, லிங்கியாவா?

காசு கொடுத்து வாங்காத நட்சத்திர மீன் ஒன்று உப்புநீர்த் தொட்டியில் தென்பட்டால், அது பாறையோடோ பவளத்தோடோ ஒட்டி வந்ததுதான். சேலத்தில் உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர். அதனால் அஸ்தம்பட்டியிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் எனக்குப் படம் வரும், கூடவே "அண்ணா, எடுத்துப் போட்டுடவா?" என்ற கேள்வியும். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் அது ஆஸ்டெரினா, பிரிட்டில் ஸ்டார், லிங்கியா என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும்.

கை உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பிரிட்டில் ஸ்டாருக்கு நடுவில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம் தனியாகத் தெரியும். அதிலிருந்து மெல்லிய கைகள் வளைந்து நெளியும். பகலில் இடுக்கில் பதுங்கிக்கொண்டு கை நுனியை மட்டும் நீட்டும். மிஞ்சிய தீனியையும் கழிவையும் தின்கிற இந்தக் குட்டிப் பிரிட்டில் ஸ்டாரை யாரும் எடுக்கத் தேவையில்லை.

ஆஸ்டெரினாவில் அந்த எல்லைக்கோடு கிடையாது, உடம்பே கையாக நீள்கிறது. விரல் நகத்தளவுதான் இருக்கும், சாம்பல் கலந்த வெள்ளை. கைகள் ஒரே அளவில் இருக்காது. இரண்டு மூன்று நீளமாகவும் மற்றவை மொட்டாகவும் இருக்கும். தானே இரண்டாகப் பிளந்து பெருகுவதால் வரும் கோணல் அது. ஒன்று சில மாதங்களில் கூட்டமாவதும் அப்படித்தான்.

லிங்கியாவிடம்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில லிங்கியா இனங்கள் ஒரு கையைக் கழற்றிவிடும். அந்தக் கையிலிருந்தே முழு உடலும் வளரும். அப்போது பார்த்தால் உருண்டு நீண்ட ஒற்றைக் கை, அதன் ஒரு முனையில் நான்கைந்து குட்டி மொட்டுகள். ஆஸ்டெரினா என்று நினைத்து இதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சிறிய தொட்டியில் இதற்கு இரை போதாது என்பதும் உண்மை. பழைய பாறைகள் நிறைந்த பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

இருக்கட்டுமா, எடுப்பதா என்ற சண்டை ஆஸ்டெரினாவுக்கு மட்டும்தான். என் கட்சி, பார்த்துவிட்டு முடிவு செய்வது. பெரும்பாலானவை பாசியை மேய்கின்றன. சில வகைகள் சோவாந்தஸ் பவளத்தைத் தின்கின்றன. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடியுங்கள். கண்ணாடியில் ஊர்ந்தால் விட்டுவிடலாம். சோவாந்தஸ் மேல் உட்கார்ந்திருந்தால் இடுக்கியால் தூக்குங்கள். அடியில் திசு கரைந்திருந்தால் அதுதான் குற்றவாளி. ஆஸ்டெரினாவை ஒழிக்க ஹார்லிக்வின் இறாலை விடச் சொல்வார்கள். அதன் இரையே நட்சத்திர மீன்தான். ஆஸ்டெரினா தீர்ந்ததும் பட்டினி கிடக்கும், லிங்கியா இருந்தால் அதையும் விடாது. இடுக்கியே போதும்.

எந்த வகையானாலும் உப்பளவு சட்டென்று மாறினால் தாங்காது. சேலத்து வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும். உப்பு சேர்க்காத ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றி அடர்த்தியை 1.025-இல் வைத்திருங்கள். ஏற்காட்டுத் தொட்டியிலிருந்து ஒன்றைக் கீழே கொண்டுவந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து பழக்கிய பிறகே விட வேண்டும். மீனுக்கு நோய் வந்தால் செம்பு மருந்தை நட்சத்திர மீன் இருக்கும் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே கொடுங்கள்.