பழைய மிலிட்டரி லாரிகளுக்கு ரப்பர் சாமான்: கிருஷ்ணகிரிப் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட லாரியை வாங்கி ஓட்டுபவர்களுக்கு இரும்புச் சாமான் பெரிய தலைவலியாக இருப்பதில்லை. தேய்ந்த பின்னையும் புஷ்ஷையும் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கிவிடலாம். உடைந்த பிராக்கெட்டை வெல்டிங் வைத்துச் சரிசெய்துவிடலாம். வண்டியை உண்மையில் முடக்கிப் போடுபவை ரப்பர் பாகங்கள்தான். ஜெர்மனியின் மேன் நிறுவன உரிமத்தின் பேரில் ஜபல்பூரில் 1959 முதல் தயாரான சக்திமான் லாரியின் உற்பத்தி 1990களிலேயே நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. அதே ஜபல்பூரில் தயாரான நிசான் ஒரு டன் வண்டிக்கும் இதே கதிதான். ஆகவே இன்று ஓடுகிற சக்திமானில் மிக இளையதுகூடக் கால் நூற்றாண்டைத் தாண்டியது. அதில் பிறவியிலேயே இருந்த ரப்பர் எதுவும் இப்போது நம்பத் தகுந்ததல்ல. ஸ்டாலியனுக்குப் பல சாமான்கள் சிவில் லேலண்ட் லாரிகளோடு பொதுவானவை என்பதால் அதை வைத்திருப்பவர்கள் பாடு சற்றுத் தேவலை. சக்திமானும் நிசானும் வைத்திருப்பவர்களுக்காகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் தண்ணீர் டேங்க் சுமக்கும் சக்திமான் ஒன்றும், அஞ்செட்டி மலைப்பாதைக்காக என் தம்பி வைத்திருக்கும் நிசான் ஒன்றும் எங்கள் குடும்பத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ரப்பர் சாமான் தேடிப் பெங்களூரு ஜே.சி. சாலைக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் போய்வந்த பிறகுதான், கிருஷ்ணகிரியில் ராயக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய ரப்பர் பட்டறை எங்கள் பார்வையில் பட்டது. கிரானைட் குவாரி எந்திரங்களுக்கும் லாரிகளுக்கும் ரப்பர் சாமான் செய்து தருவதே அவர்களுடைய முக்கிய வேலை. மிலிட்டரி வண்டிக்கென்று தனியாக எதையும் அடுக்கி வைத்திருக்கவில்லை. ஆனால் வண்டியின் பெயரையும் பார்ட் நம்பரையும் கேட்டு, இல்லை என்று கையை விரிக்கும் கடைகளுக்கு நடுவே, இந்தப் பட்டறையின் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி வேறாக இருந்தது: "சார், இந்தச் சாமான் மேல என்ன படும்? டீசலா, பிரேக் ஆயிலா, தண்ணியா, வெறும் வெயிலா?"

ரப்பர் விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வெளித்தோற்றத்தில் எல்லாம் கறுப்பாக ஒன்றுபோலவே இருந்தாலும், இயற்கை ரப்பர் அதிர்வைத் தாங்குவதில் சிறந்தது, ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப் போகும். நைட்ரைல் ரப்பர் டீசலையும் கியர் ஆயிலையும் தாங்கும், ஆனால் வெயிலில் வெடிக்கும், கிளைக்கால் வகைப் பிரேக் திரவத்தில் வீங்கும். இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வெயில், மழை, வெந்நீர், பிரேக் திரவம் எல்லாவற்றையும் தாங்கும், ஆனால் டீசல் பட்டால் உருப்படாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் அளவு மட்டும் பொருந்துகிறதென்று மாட்டிய சாமான் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி கழன்றுவிடும், கொடுத்த காசும் வீண். பட்டறையில் ஒவ்வொரு வகை ரப்பரிலும் சிறு துண்டுகளைக் கண்ணாடிக் குப்பிகளில் டீசலில் ஊறப் போட்டு, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுகிறார்கள். இயற்கை ரப்பர் துண்டு விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று உப்பியிருந்தது. நைட்ரைல் துண்டின் விளிம்பு வெட்டிய கூர்மை மாறாமல் அப்படியே இருந்தது. எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரு துண்டை வெட்டி இரவு முழுக்க டீசலில் போட்டுப் பார்ப்பது யாரும் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை.

இந்தப் பட்டறையின் மிகச் சிறந்த வேலை இன்ஜின் மவுண்டிங்தான் என்பது என் மதிப்பீடு. சக்திமானின் மவுண்டிங்கில் இரும்புத் தகடு கெட்டிருக்கவில்லை. நடுவிலிருந்த ரப்பர்தான் தகட்டைவிட்டுப் பிரிந்து, எண்ணெய் குடித்துக் களிபோல ஆகியிருந்தது. புதிதாகத் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டுபடியாகாது. இங்கே பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, தகட்டை மணல் பாய்ச்சிச் சுத்தம் செய்து, இரும்பும் ரப்பரும் ஒட்டுவதற்கான பசைப்பூச்சை இரண்டு அடுக்காகப் பூசி, அச்சில் (மோல்டில்) வைத்து, 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் பிரஸ்ஸில் அழுத்தி வேகவைத்துக் கொடுத்தார்கள். பிரஸ்ஸைத் திறந்ததும் அச்சின் ஓரத்தில் மெல்லிய சவ்வாகப் பிதுங்கி நிற்கும் ரப்பரைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, சிறு மீட்டர் ஒன்றை வைத்துக் கடினத்தன்மையை அளந்து, ஷோர் ஏ அளவுகோலில் 60 என்று காட்டியதை என் கண்ணெதிரே நோட்டில் எழுதினார்கள். கடினம் கூடினால் அதிர்வு முழுவதும் சேஸிஸுக்குப் போகும், குறைந்தால் இன்ஜின் ஆடும் என்பதால் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்வது அவசியம். அடுத்த முறை இதே எண்ணைச் சொல்லிச் செய்துகொள்ளலாம். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு கியர் லீவரின் நடுக்கம் கணிசமாகக் குறைந்திருக்கிறது.

சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைக்கும் ஆயில் சீல் விஷயத்தில் இவர்கள் சொன்ன வழி இன்னும் மலிவானது. ஆயில் சீல் எந்த வண்டியினுடையது என்பது முக்கியமில்லை. தண்டின் விட்டம், அது உட்காரும் குழியின் விட்டம், அகலம் ஆகிய மூன்று அளவுகளோடு ரப்பரின் வகையும் பொருந்தினால், டிராக்டருக்கு வரும் சீலும் மிலிட்டரி லாரியில் வேலை செய்யும். வெர்னியர் காலிப்பரில் தண்டை அளந்து சொன்னதும் நிசானின் பின் ஆக்சிலுக்குப் பொருந்துகிற சீலை அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்கள். தண்டில் பழைய சீலின் உதடு தேய்த்த பள்ளம் இருந்தால் புதுச் சீலும் கசியும். ஆகவே புதியதைச் சற்று உள்ளே தள்ளி, தேயாத இடத்தில் உதடு படும்படி அடிக்கவேண்டும் என்ற எச்சரிக்கையையும் அவர்களே சேர்த்துச் சொன்னார்கள். விற்ற பின்பும் சாமான் நிலைக்கவேண்டும் என்ற அக்கறை இருந்தாலன்றி யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

சக்கரப் பிரேக்கின் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்க் கப்பை (வீல் சிலிண்டர் கப்) மட்டும் தாங்கள் செய்வதில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். பட்டறையின் மீது எனக்கு மரியாதை கூடியது இந்த இடத்தில்தான். தர்மபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரத்தோடு வரும் வண்டிக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரேக் கப்புகளில் பல, அங்குலக் கணக்கில் அளவு பொறிக்கப்பட்டு மற்ற வண்டிகளுக்கும் பொதுவாக வருகின்றன; அளவை எழுதிக் கொடுத்து, பெயர் பெற்ற பிரேக் நிறுவனத்தின் சீலிட்ட கிட்டை வாங்கும்படி அனுப்பினார்கள். சிலிண்டரைக் கழுவப் பெட்ரோலோ டீசலோ தொடக்கூடாது, பிரேக் திரவத்தாலேயே கழுவவேண்டும் என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லச் சொன்னார்கள். ஒரு சொட்டு டீசல் உள்ளே தங்கினாலும் கப்பின் உதடு வீங்கி, பிரேக் பிடித்தபிடி நின்றுவிடும்.

நிசானின் பெட்ரோல் குழாயில் செலவு கூடியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானதிலிருந்து, அதை எதிர்பார்த்துச் செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்களும் பம்புக்குள் இருக்கும் ரப்பர்ச் சவ்வான டயாபிரமும் மென்மையாகி, வெடித்து, கசிய ஆரம்பிக்கின்றன. எத்தனால் தாங்கும் உட்சுவர் கொண்ட குழாய் சாதாரணக் குழாயைவிடப் பல மடங்கு விலை. சூடான இன்ஜினுக்கு அருகே பெட்ரோல் கசிவது தீப்பிடிக்கும் விஷயம் என்பதால் இங்கே மலிவைப் பார்க்கக்கூடாது என்றே நானும் சொல்வேன். ரேடியேட்டர் குழாய்க்கு அப்படியில்லை. நேரான குழாயும் இரும்பு முழங்கையும் போதும், கீழ்க்குழாய் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளாதபடி உள்ளே சுருள்கம்பி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

குறை என்றால் கண்ணாடியைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டையான பீடிங்கைத்தான் சொல்லவேண்டும். இந்த லாரிகளில் தட்டைக் கண்ணாடி என்பதால், கண்ணாடியின் தடிப்பும் தகட்டின் தடிப்பும் பொருந்தும் பீடிங்கை மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிப் பொருத்தலாம். மீட்டர் 140 ரூபாய்க்குக் கிடைத்த இ.பி.டி.எம். பீடிங்கின் தரத்தில் குறையில்லை. ஆனால் இரண்டு முனைகளையும் சேர்த்த ஒட்டு ஒழுங்காக இல்லை. முதல் மழையிலேயே வலப்பக்க மேல்மூலையில் தண்ணீர் இறங்கி டேஷ்போர்டு நனைந்தது. திரும்பக் கொண்டுபோனபோது காசு வாங்காமல் ஒட்டை மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், அதை முதலிலேயே சரியாகச் செய்திருக்கவேண்டும். ஒட்டு கண்ணாடியின் மேல்பக்கத்திலோ மூலையிலோ வராமல் கீழ்ப்பக்கத்தின் நடுவில் வரும்படி கேட்டு வாங்குங்கள். சொன்ன நாளில் வேலை முடிவதும் இல்லை. குவாரிக்காரர்களின் அவசர வேலை வந்தால் நம்முடையது பின்னுக்குப் போய்விடுகிறது, அதை முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லும் வழக்கமும் அவர்களிடம் இல்லை.

மிலிட்டரி ஸ்டாக் என்று கிரீஸ் தாளில் சுற்றி விற்கப்படும் பிரிக்காத ரப்பர் சாமான்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஐ.எஸ்.ஓ. 2230 தரநிலை, முறையாகச் சேமித்த இயற்கை ரப்பருக்கு 5 ஆண்டும், நைட்ரைலுக்கு 7 ஆண்டும், இ.பி.டி.எம்.முக்கு 10 ஆண்டும் முதற்கட்டச் சேமிப்புக் காலமாக வைக்கிறது. அதன் பிறகு சோதித்துப் பார்த்தே நீட்டிக்கவேண்டும். முப்பது வருடம் தகரக் கொட்டகையின் சூட்டில் கிடந்த சாமானை ஒரிஜினல் என்ற ஒரே காரணத்துக்காக அதிக விலை கொடுத்து வாங்குவதில் பொருளில்லை. இரண்டாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை போல் விரிசல் ஓடினால் அது தேறாது.

மொத்தத்தில், வெளியூர்ச் சந்தைகளில் எங்களுக்குச் சொல்லப்பட்ட விலையில் ஏறக்குறைய பாதிக்குள் இரண்டு வண்டிகளின் வேலையும் இங்கே முடிந்தது. அச்சு புதிதாக வெட்ட வேண்டிய சாமானுக்கு மட்டும் அச்சுக்கூலி தனி. எங்கள் மவுண்டிங்குக்கு அது 3,500 ரூபாய் ஆனது. அச்சு பட்டறையிலேயே இருப்பதால் இனிச் சக்திமான் கொண்டுவருபவர்களுக்கு ரப்பருக்கும் கூலிக்கும் மட்டுமே காசு ஆகும். கேட்டால்தான் ரசீது தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். போகும்போது கிழிந்ததாக இருந்தாலும் பழைய சாமானையும், அது உட்காரும் இரும்புப் பாகத்தையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்; ஊதிப்போன ரப்பரை அளந்து செய்த சாமான் பொருந்தாது, இரும்பின் அளவு மாறாது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. பிரஸ் காலையில்தான் சூடேற்றப்படுகிறது என்பதால் முற்பகலுக்குள் போவது நல்லது.