899 ரூபாய் கதைப்பெட்டி வாங்கலாமா?

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஹால் டிக்கெட், சிட்டா நகல், ஆதார் கலர் பிரிண்ட் என்று வருகிறவர்களில் பாதிப் பேரோடு ஒரு பிள்ளையும் வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் என் மகளின் ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு, "எங்கண்ணா வாங்குனீங்க? எம்பொண்ணுக்கும் வாங்கலாமா?" என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. மெஷின் சத்தத்துக்கு நடுவே அரைகுறையாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. முழுசாக எழுதிவிடுகிறேன்.

மே மாதச் சீசனில் ஊட்டியில் போட்டிருந்த ஒரு ஸ்டாலில் என் மச்சினன் வாங்கி வந்த செட் இது. பெட்டியில் பத்துப் புத்தகம், ஒவ்வொன்றும் 24 பக்கம். நட்பு மூன்று, குடும்பம் மூன்று, மீதி நான்கும் பொய் சொல்லாதே, பகிர்ந்து சாப்பிடு, பொறுமையாக இரு, சுத்தமாக இரு வகையறா. அட்டையில் 1,499 ரூபாய் என்று அடித்து, மேலே 899 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கம்பெனி பேரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி செட்டுகள் வேறு வேறு பெயரில் எல்லாச் சீசனிலும் வருகின்றன. இங்கே சொல்கிறதை வைத்து நீங்களே புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். தாய்மாமன் ஆசையாக வாங்கித் தந்ததை வீட்டில் குறை சொன்னால் ராத்திரிச் சோறு கிடைக்காது என்பது வேறு விஷயம்.

முதலில் என் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தாள் பளபளவென்று ஆர்ட் பேப்பர். படங்களின் நிறம் பிரமாதம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊருக்கு இந்தத் தாள் ஆகாது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. நாள்கணக்கில் வெயில் முகம் தெரியாது. அந்த ஈரத்தில் ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு இளகிப் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கிறேன் என்று இழுத்தால் இந்தப் பக்கத்து முயலின் காது அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். நடுவில் அடித்திருக்கும் பின்னும் துருப்பிடித்து மடிப்பு நெடுகக் காவிக்கோடு போடுகிறது. கடையில் ஏ4 கட்டுகள் அடுக்குகிற அலமாரியில் மழைக்காலம் முழுக்க ஒரு குண்டு பல்பை எரியவிட்டிருப்பேன். இந்தப் புத்தகங்களும் இப்போது அங்கேதான் குடியிருக்கின்றன. நீங்கள் ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போடாமல் நிற்கவைத்து அடுக்குங்கள்.

எழுத்து பெரிசு. ஆனால் சில பக்கங்களில் வெளிர்நீல வானத்தின் மேல் வெள்ளை எழுத்தை அச்சடித்திருக்கிறார்கள். சாயங்காலம் அஞ்சரைக்கே பனிமூட்டம் இறங்கி ட்யூப்லைட் போடுகிற ஊரில் அதை எந்தக் குழந்தை படிக்கும்? இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் சின்ன ஏ எழுத்தை வட்டம் போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு இழுக்கச் சொல்லித் தருகிறார்கள். புத்தகத்திலோ தலையில் கொக்கி போட்ட ஏ. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை அங்கே ஒரு நொடி நின்று யோசிக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கென்று பார்த்துப் பார்த்துப் புத்தகம் போடுகிறவர்கள் கையெழுத்து மாதிரி இருக்கிற ஏயைத் தேடிப் போடுவார்கள். இவர்கள் அந்த வேலைக்குப் போகவில்லை.

இப்போது கதைகளுக்கு வருகிறேன். என் மகள் மூன்றாம் வகுப்பு, அரசுப் பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவு. ஆங்கிலவழி என்று பேர். பெஞ்சில் தமிழ், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிநேகிதி வீட்டில் பேசுவது படுகு. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. இவர்களுக்கு ஒரு கதைப்புத்தகம் என்ன செய்ய வேண்டும்? என் கணக்கு சின்னது. இன்றைக்குப் படித்த கதையிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போய் நாளைக்குத் தன் சொந்தச் சண்டையில் பேச முடிய வேண்டும். அது முடிந்தால் நட்பைப் பற்றிய பாடமும் உள்ளே போகும், ஆங்கிலமும் உள்ளே போகும். முடியாவிட்டால் இரண்டும் இல்லை.

பத்தில் ஏழு புத்தகம் இந்தக் கணக்கில் தேறாது. காரணம், ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் இருக்கும் மஞ்சள் கட்டம். "உண்மையான நண்பன் ஆபத்தில் கைவிடமாட்டான்" என்கிற ரீதியில் ஒரு வரி நீதி. மகள் என்ன செய்கிறாள் தெரியுமா? புத்தகத்தைக் கையில் எடுத்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போய் மஞ்சள் கட்டத்தை ஒப்பித்துவிட்டு, "முடிச்சிட்டேம்ப்பா" என்று மூடிவைக்கிறாள். பரீட்சைக்கு அதைத்தான் கேட்பார்கள் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது! கதையும் அதற்கு ஏற்ற மாதிரிதான். ஒரு கேரட்டுக்காக இரண்டு முயல் சண்டை போடும், ஆந்தை வந்து பிரசங்கம் செய்யும், மூன்றே வரியில் சமாதானம். முயல்கள் ஒன்றையொன்று பார்த்து ஒரு வார்த்தைகூடப் பேசாது. பேச்செல்லாம் ஆந்தைக்குத்தான். ஆந்தை மாதிரிப் பேசுகிற எட்டு வயசுப் பிள்ளை யாருக்கு வேண்டும்?

குடும்பப் புத்தகங்களில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, ஒரு நாய். பாட்டி ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து கேக் கொடுத்துவிட்டுப் போகிறார். எங்கள் வீட்டில் அப்பாயிதான் மகளுக்குத் தலைசீவி விடுவது, ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வது எல்லாம். சிலோனிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. லயத்து வீட்டுக் காலத்திலிருந்து எல்லோரும் ஒன்றாகத்தான். மகள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அப்பாயி ஏன் ஞாயித்துக்கிழமை மட்டும் வருது? யாரோட சண்டை?" என்று கேட்டாள். வெளியூர்க் கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தில் வெண்பனி கொட்டுகிறது. பிள்ளைகளுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை. தை மாசம் விடியற்காலையில் தலைக்குந்தா புல்வெளியில் வெள்ளையாக உறைபனி கிடப்பதைப் பார்த்த பிள்ளைகள்தானே. ஆனால் இந்த மூன்று குடும்பக் கதைகளிலும் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்பதில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கோபம், பொறாமை, பிடிவாதம் எதுவும் இல்லாத வீட்டில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஒரு புத்தகம் மட்டும் நன்றாக இருக்கிறது. எப்படி உள்ளே நுழைந்தது என்று தெரியவில்லை, வேறு ஆள் எழுதியிருக்க வேண்டும். இரண்டு பெண்பிள்ளைகளுக்கு ஒரே குடை. மழை வந்ததும் ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறாள், மற்றவள் தொப்பலாக நனைகிறாள். மறுநாள் பேச்சுவார்த்தை இல்லை. குடையைக் கொண்டுபோனவள், "ஆர் யூ ஆங்ரி வித் மீ?" என்று சிநேகிதியிடம் கேட்கிறாள். அதே கேள்வியைப் பிறகு தம்பியிடம், அப்புறம் பாட்டியிடம். ஒரே வாக்கியம் மூன்று இடத்தில், மூன்று விதமான பதிலோடு வருகிறது. ஆங்கிலம் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் உரம். புதுச் சொல் பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை, படத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். மஞ்சள் கட்டம் இதிலும் உண்டு, ஆனால் கதைக்கு அது தேவைப்படவே இல்லை.

பள்ளி விட்டு மகளும் சிநேகிதியும் என் கடை பெஞ்சில்தான் பஸ் வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் பெஞ்சின் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி. ஸ்கெட்ச் பேனா மூடி உடைந்த வழக்கு. நான் ஸ்பைரல் பைண்டிங்குக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன், தலையிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் மெதுவாக, "ஆர் யூ ஆங்ரி வித் மீ?" என்றாள். "யெஸ். லிட்டில்." "ஹவ் மச் லிட்டில்?" அந்தப் பிள்ளை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டியது. மகள் எட்டி அந்த விரல்களைப் பிடித்து இன்னும் கிட்டக் கொண்டுவந்து வைத்தாள். வழக்கு தள்ளுபடி. இலக்கணம் பார்க்கிறவர்கள் "ஹவ் மச் லிட்டில்" தப்பு என்பார்கள். இருக்கட்டும், அவளே கட்டிய வாக்கியம் அது. வீட்டுக்குப் போய் அப்பாயியிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். "என்னாடி, வெத்தலை வேணுமான்னா கேக்குறே?" என்று பதில் வந்ததாம்.

மற்ற இரண்டு புத்தகங்கள் சுமார் ரகம், ஒருமுறை படிக்கலாம்.

பெட்டியில் 6 முதல் 10 வயது வரை என்று போட்டிருக்கிறது. இது ஏமாற்று. வயதை வைத்து மொழியை அளக்க முடியாது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நம் அரசுப் பள்ளிகளிலேயே அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்துத்தானே பயிற்சி கொடுக்கிறார்கள்? இந்த செட்டில் மூன்றாம் புத்தகத்தில் இருபது சொல் நீளத்துக்கு வாக்கியம் போகிறது. ஏழாம் புத்தகம் ஒன்றாம் வகுப்புக்கே போதும். எதை முதலில் எடுப்பது என்று பெற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பின்னட்டையில் ஒரு க்யூஆர் கோடு, கதையை ஒலியாகக் கேட்கலாம் என்று. ஸ்கேன் செய்ததும் போன் நம்பர் கேட்டது. கொடுத்தேன். மறுநாளே, "சார், உங்க பாப்பாவுக்கு ஃப்ரீ டெமோ கிளாஸ் ஒண்ணு புக் பண்ணிடவா?" கடையில் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் அந்த அழைப்பு வரும். பிளாக் செய்தால் வேறு நம்பரிலிருந்து வரும். ஒலிப்பதிவு எப்படியென்றால், படிக்கிறவர் ஓடுகிற வேகத்துக்குப் பிள்ளையின் விரல் வரியில் நகராது. அந்த க்யூஆர் கோடைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் வேறு என்ன வழி? பெங்களூருவில் இருக்கும் பிரதம் புக்ஸ் என்ற லாபநோக்கமற்ற பதிப்பகம் 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. படக்கதைகள் இலவசம், பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலைக்கு 250 சொல்லுக்குள், இரண்டாவதற்கு 600க்குள் என்று சொல்கணக்கிலேயே வரையறை உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. தமிழில் அப்பாயி மடியில் உட்கார்ந்து முதலில் கேட்டுவிட்டு, அதே படங்களோடு ஆங்கிலத்தில் படித்தால் கதை ஏற்கெனவே தெரியும். மண்டைக்கு மொழி மட்டும்தான் வேலை. அம்மா, அப்பாவுக்கு ஆங்கிலம் வராத வீடுகளில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், மொழிபெயர்க்கலாம் என்கிற திறந்த மேடை என்பதால், பிரிண்ட் போடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள். அச்சுப் புத்தகமே வேண்டும் என்றால் சென்னையின் தூலிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாகப் படப்புத்தகங்கள் போடுகிறது.

16 பக்கக் கதையைப் பாதி அளவுக்கு மடித்துப் பின் அடித்தால் நாலு ஏ4 தாள், எட்டுப் பக்க அச்சு. என் கடையில் கறுப்பு வெள்ளை பக்கம் 2 ரூபாய், ஆக 16 ரூபாய். கலரில் பக்கம் 10 வீதம் 80. பிரிண்ட் போட்டுக் காசு பார்க்கிறவன் சொல்கிறான் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளையே போதும், பிள்ளைகளே க்ரேயான் அடித்துக்கொள்வார்கள். சாதாரணத் தாள் என்பதால் மழைக்கும் ஒட்டாது, கிழிந்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

ஆக, 899க்கு இந்தப் பெட்டி வேண்டாம். சீசன் முடியும்போது ஸ்டால்காரர்கள் தனித்தனியாகப் பிரித்து விற்பதுண்டு. அப்போது கடைசிப் பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு மீதியைப் படித்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பேசிக்கொண்டால் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மஞ்சள் கட்டத்தின் மேல் ஒரு துண்டு வெள்ளைத்தாளை ஒட்டி, அங்கே பிள்ளையையே ஏதாவது எழுதவோ வரையவோ சொல்லலாம். மகள் கேரட் கதையில் ஆந்தைக்கு வாயில் பிளாஸ்திரி ஒட்டி வரைந்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குடைக் கதையை மட்டும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு வருகிறார்கள், சிநேகிதியின் அப்பா உட்பட. அது காப்புரிமை உள்ள புத்தகம், முழுசாக நகல் எடுத்துத் தர மாட்டேன். கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகலாம். ஸ்டோரிவீவர் கதைகளின் உரிமம் வேறு. எழுதியவர், வரைந்தவர் பெயர் இருக்கிற பக்கத்தை விட்டுவிடாமல் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். பென் டிரைவில் கொண்டுவந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை கடை மதியம் வரைதான்.