பல்கலைக்கழக ஆய்வுக் களஞ்சியம்: ஒரு பயனரின் மதிப்பீடு

ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் ஆய்வு எவ்வளவு பரந்தது என்பதை, அதன் விளம்பரக் கையேட்டைவிட, ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் தரவுகளையும் சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியமே நேர்மையாகக் காட்டிவிடுகிறது. ஆறு மாதங்களாக நான் பயன்படுத்திவரும் களஞ்சியம், எம்.ஐ.டி. நூலகமும் ஹியூலெட்-பேக்கர்டு ஆய்வகமும் இணைந்து உருவாக்கி 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்னும் திறமூல மென்பொருளில் இயங்குகிறது.

‘நைட்ரஜன்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தேடியபோது, பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடும், அம்மோனியா தயாரிப்பில் இரும்பு வினையூக்கிக்கு மாற்றுத் தேடும் வேதியியல் கட்டுரையும், வைரத்தினுள் சிக்கிய நைட்ரஜன் அணுவைக் கொண்டு நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் இயற்பியல் ஆய்வும் ஒரே பக்கத்தில் வரிசையாக வந்தன. துறைவாரியாகப் பிரித்து அடுக்கிய நூலக அலமாரியில் இவை மூன்றும் அருகருகே நின்றிருக்க வாய்ப்பே இல்லை.

குறைகளும் உண்டு. பழைய ஆய்வேடுகள் வெறும் படங்களாக வருடப்பட்டிருப்பதால், அவற்றின் உட்பகுதி தேடலில் அகப்படுவதில்லை. ஒரே ஆய்வாளரின் பெயர், முன்னெழுத்தின் இடம் மாறி மூன்று விதமாகப் பதிவாகியிருக்கிறது. ஒவ்வோர் ஆய்வாளரையும் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை இணைத்திருந்தால் இந்தக் குழப்பமே எழுந்திராது. தரவுக் கோப்பு ஒன்றில் வெப்பநிலை நிரல் இருந்தது, அலகுதான் இல்லை. செல்சியஸா, கெல்வினா என்பதை எண்களைப் பார்த்து நானே ஊகித்துக்கொண்டேன்.

பொதுவில் திறந்துவைக்கக் கூடாதென்று பதிப்பகம் விதித்த தடைக்காலம் முடியாத கட்டுரைகளுக்கு, ‘படி கோருக’ என்னும் பொத்தான் உள்ளது. நான் கோரியதை, இரண்டே நாளில் கட்டுரையாசிரியரே அனுப்பிவைத்தார்.