லீ-என்ஃபீல்ட் நம்பர் 4: 180 கிரெயின் கிடைக்கும்வரை நல்ல துவக்கு

போன கிழமை நண்பர் ஒருவர் கேட்டார்: "கடையில் 303 ரவை மலிவு விலையில் கிடக்கிறது, 150 கிரெயின். அள்ளி வைக்கட்டுமா?" அவர் அண்மையில்தான் ஒரு லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 வாங்கியிருந்தார், நவம்பர் மான் பருவத்துக்காக. இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானிய இராணுவத் துவக்கு அது, 303 அதன் ரவையின் அளவு; கிரெயின் என்பது சன்னத்தின், அதாவது ரவையிலிருந்து பறக்கிற முனையின், எடைக் கணக்கு. அள்ள வேண்டாம் என்று நான் சொன்ன மறுமொழி கொஞ்சம் சூடாகப் போய்விட்டது. எழுத்தில் போட்டால் நிதானமாக வரும் என்று நினைக்கிறேன், பார்ப்போம்.

என்னுடையது கனடாவில், லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தது. மிசிசாகாவில் லேக்‌ஷோர் வீதியால் போகிறவர்கள் அந்தத் தொழிற்சாலையில் மிஞ்சி நிற்கிற கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள், இப்போது அங்கே கலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. 1941 முதல், பெரும்பாலும் பெண்கள் வேலை செய்து, இலட்சக்கணக்கில் இந்தத் துவக்கைச் செய்து தள்ளிய இடம் அது. போருக்குப் பிறகு மலிவாக வந்தபோது வாங்கிய யாரோ ஒரு வேட்டைக்காரர் என்னுடையதின் முன்மரத்தை அறுத்துச் சுருக்கியிருக்கிறார். சேகரிக்கிறவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். பனியில் தூக்கி நடக்கிறவனுக்கு அது புண்ணியம்.

முதலில் பழைய இராணுவ ரவையை ஒதுக்கிவிடுவோம். அது மலிவாகக் கிடைத்தாலும் மானுக்கு ஆகாது. முழு உறை போட்ட, விரியாத சன்னத்தை வைத்துக்கொண்டு ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போகக் கூடாது. சட்டம் விட்டாலும் நான் விடமாட்டேன்: விரியாத சன்னம் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் காயத்தோடு வெகுதூரம் ஓடிவிடும். இலக்குப் பலகைக்குச் சரி. ஆனால் பழைய ரவையின் அடியில் தீப்பொறி போடுகிற தொப்பி, குழலுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும், அன்றைக்கே குழலுக்குள் கொதிநீர் ஊற்றாவிட்டால் துரு பிடிக்கும். ஒரு தடவை ஒரு பழைய ரவையைப் பிரித்துப் பார்த்தேன். கோதுக்குள் தூள் மருந்து இல்லை, இடியப்பத்தை நீட்டி அடுக்கி வைத்த மாதிரி கோர்டைட் இழைகள். பார்க்க அழகுதான்.

மிச்சம் இருப்பது, பட்டதும் விரிகிற மென்மூக்கு ரவை. அதில் கடையில் பொதுவாக இரண்டு வகை, 150 கிரெயினும் 180 கிரெயினும். என் கோபமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இந்தத் துவக்கின் சைற், அதாவது குறிபார்க்கிற பாகம், ஒரேயொரு ரவைக்காக அளந்து செய்தது. மார்க் 7 என்ற அந்த இராணுவ ரவையில் 174 கிரெயின் சன்னம், நொடிக்கு 2440 அடி வேகம். இன்றைக்கு ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் எதை எடுத்தாலும் 180 கிரெயின் பெட்டியில் 2460 அடி என்று போட்டிருக்கும். கிட்டத்தட்ட அதே ரவைதான், மூக்கு மட்டும் மென்மை. 150 கிரெயின் 2690 அடி வரை போகிறது. வேகமாகப் போவது மேலேதான் விழும் என்று நினைப்போம், இல்லையா? என் துவக்கில் 100 யாரில் (ஒரு யார் என்றால் மூன்று அடி) அது ஒரு கையகலம் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக விழுகிறது. சுடும்போது உதைப்பில் குழல் மேலெழும்பிக்கொண்டே இருக்கும். மெதுவான, பாரமான சன்னம் வெளியேறும் கணத்தில் குழல்வாய் இன்னும் கொஞ்சம் அதிகமாக உயர்ந்திருக்கும். வேகமானது அதற்கு முன்பே ஓடிவிடுகிறது. மரத்தை அறுத்தவரும் இதற்கு ஒரு கை கொடுத்திருப்பார், குழலும் மரமும் தொடுகிற இடம் மாறினால் குறியும் மாறும்.

"சைற்றைத் திருப்பி வைத்தால் சரிதானே?" என்று சுட்டுப் பழகுகிற ரேஞ்சில் எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணுக்குப் பக்கத்தில், துளை வழியாகப் பார்க்கிற பின் சைற்றின் திருகு உயரத்தை மட்டும்தான் மாற்றும். அதுவும் 200 யாரில்தான் தொடங்குகிறது, மடக்கினால் வருகிற பெரிய துளை 300 யாருக்கு. நான் சுடுகிற மான் 60, 70 யாரில், மரங்களுக்கு நடுவே நிற்கும். பக்கவாட்டு விலகலைத் திருத்த அந்தப் பின் சைற்றில் வழியே இல்லை. முன் சைற்றின் தகட்டைத் தள்ள வேண்டும், அல்லது கழற்றி வேறு உயரத்தில் ஒன்று போட வேண்டும். தகடுகளில் 0, 15, 30, 45 என்று இலக்கம் அடித்திருக்கும், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. ஒரு படி உயரமான தகடு போட்டால் 100 யாரில் குறி சுமார் 2 அங்குலம் இறங்கும். என்னுடையதில் இருப்பது நான் தேடிப் பிடித்துப் போட்ட உயரத் தகடு, 180 கிரெயினோடு 100 யாரில் நடுவில் நிற்கிறது. கடைக்காரர் வைத்திருக்கிற ரவைக்காக அதை நான் கழற்றமாட்டேன்.

இறைச்சியிலும் வித்தியாசம் தெரிகிறது. 180 கிரெயின் அவசரப்படாமல் விரியும். சப்பைக்குப் பின்னால், விலா எலும்புக்குள் சரியாகப் போனால் மறுபக்கத்தால் வெளியேறும், மான் கொஞ்சத் தூரத்துக்குள் விழுந்துவிடும். தோலை உரிக்கும்போது பழுதான இறைச்சி என்று வெட்டி எறிய அதிகம் இருக்காது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் 150 கிரெயினால் கிட்டத்தில் சுட்ட மானை உரித்தபோது முன்சப்பை முழுக்க இரத்தம் கன்றிப்போய், தசைக்கும் தோலுக்கும் நடுவில் களியாக உறைந்திருந்தது. பிரட்டலுக்கு நல்ல பகுதி, குப்பைக்குப் போயிற்று. நியாயமாகச் சொன்னால், எலும்பில் பட்டால் எந்த ரவையும் அப்படித்தான் செய்யும். ஆனாலும் நான் 150-க்கு எதிராக அதையும் கணக்கில் எழுதிவிட்டேன்.

இவ்வளவு நல்ல 180-ஐ வாங்கலாம் என்று போனால் கடையில் இருக்காது. எப்போதும் 150. மலிவு விற்பனையும் 150-க்குத்தான். நான் வழக்கமாகப் போகும் கடையில், "இரண்டும் 303 தானே?" என்று ஒவ்வொரு செப்டம்பரிலும் கேட்கிறார்கள். இப்போது பரவலாக ஓடுகிற 308 ரவைக்கு ஒரு சுவர் நிறைய இடம், 303-க்கு அடித்தட்டில் ஒரு மூலை. நடக்கிறது விளங்காமல் இல்லை. வடக்கில் காவல் பார்க்கிற கனடிய ரேஞ்சர்கள் என்ற இராணுவப் பிரிவினர்கூட 1947 முதல் வைத்திருந்த நம்பர் 4-ஐக் கொடுத்துவிட்டு, 308 ரவை போடுகிற புதிய சி-19-க்கு மாறிவிட்டார்கள். இந்தியாவில் இஷாபூர் தொழிற்சாலை 1962 போருக்குப் பிறகே லீ-என்ஃபீல்டை, 308-இன் இராணுவ வடிவமான 7.62 நேட்டோ ரவைக்கு மாற்றிச் செய்யத் தொடங்கிவிட்டது. அங்கே யாருக்கோ அப்போதே புத்தி இருந்திருக்கிறது.

308-க்கு வருகிற சன்னம் இதற்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர்தான் 303, சன்னத்தின் விட்டம் .311 அல்லது .312 அங்குலம். போர்க்காலக் குழல்களும் ஒன்றுபோல் ஒன்று இல்லை, லோங் பிராஞ்சிலேயே, சன்னத்தைச் சுழற்றுகிற வரிப்பள்ளம் இரண்டு வெட்டிய குழலும் உண்டு, ஐந்து வரி வெட்டியதும் உண்டு. ஆகவே நண்பரின் துவக்கு 150-ஐ விரும்பினாலும் விரும்பலாம். ஒரு பெட்டி மட்டும் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தீர்மானிக்கட்டும். அதற்கும் முன்னால் துவக்குத் திருத்துகிறவரிடம் கொடுத்து ஹெட்ஸ்பேஸ், அதாவது ரவைக்கும் அதைப் பின்னாலிருந்து பூட்டுகிற போல்ற்றுக்கும் உள்ள இடைவெளி, சரியா என்று பார்க்க வேண்டும், போல்ற் தலை 0 முதல் 3 வரை நாலு அளவில் வருகிறது, யார் எதை மாற்றிப் போட்டார்கள் என்று தெரியாது.

ரவை நிரப்புகிற பெட்டியான மகசீனில் அடுக்கும்போது மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் மாட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும், மான் பார்த்துக்கொண்டே நிற்கும். பழகினால் விரல் தானாகச் செய்யும்.

அந்த போல்ற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். தடித்த கையுறையோடு, துவக்கைத் தோளிலிருந்து எடுக்காமலே, உள்ளங்கையால் தூக்கி இழுத்துத் தள்ளலாம். பின்னால் இழுக்கும்போது எடையே இல்லை, முன்னால் தள்ளும்போதுதான் வில் இறுகும். புதிதாக வாங்கிய, இதைவிடப் பலமடங்கு விலையான துவக்குகளை நண்பர்களிடம் வாங்கிச் சுட்டிருக்கிறேன். ஒன்றும் இப்படி ஓடவில்லை. கடும் குளிரிலும் ஒரு நாளும் சிக்கியதில்லை. ஐந்தாறு தலைமுறை மான் இதைப் பார்த்திருக்கும்.

சரி, தீர்ப்பு. மான் வேட்டைக்காக இப்போது புதிதாக ஒரு துவக்கு வாங்கப் போகிறீர்கள் என்றால் நம்பர் 4 வாங்காதீர்கள். 308-இல் சாதாரணமான ஒன்றை வாங்கி, மேலே ஒரு தொலைநோக்கியைப் பூட்டி, எந்தக் கடையிலும் எந்த ரவையையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். பழசின் மேல் ஆசைப்பட்டு ஒவ்வொரு இலையுதிர் காலமும் 180 கிரெயின் தேடி ஊர் ஊராக வண்டி ஓட்டுகிற வேலை உங்களுக்கு வேண்டாம்.

என்னுடையது விற்பனைக்கு இல்லை. இந்த வருடம் அதற்குப் புதிதாக ஒரு தோல் வார் வாங்கிப் போட்டிருக்கிறேன்.