"டேங்குல தண்ணி நிக்குது சார்": குன்னூர், கோத்தகிரி பக்கம் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

மலையில் கார் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் பெட்ரோல் மேல் ஒரு சந்தேகம் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் போட்டால் நல்லா இழுக்குது, மேலே போட்டால் இழுக்க மாட்டேங்குது என்பார்கள். 20 சதவீத எத்தனால் வந்த பிறகு கேட்கவே வேண்டாம். இந்தச் சந்தேகத்தை முதலாக வைத்தே ஒரு ஒர்க்‌ஷாப் கல்லா கட்டிக்கொண்டிருக்கிறது. புகார் போயிருப்பதால் பெயர் போடவில்லை. கோத்தகிரி ரோட்டில் இருக்கிறது, அது போதும்.

என்னுடையது பத்து வருடம் தாண்டிய சின்னக் கார். மூன்று சிலிண்டர், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கிடையாது. மழைக்காலத்தில் காலையில் எடுத்தால் மிஸ்ஸிங், அதாவது எஞ்சின் சீராக எரியாமல் விட்டுவிட்டு ஓடும். மிஸ்ட் இறங்கியிருந்தால் கட்டபெட்டு ஏற்றத்தில் குலுங்கிக் குலுங்கித்தான் ஏறும். எஞ்சின் சூடாகிவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். செக் எஞ்சின் விளக்கு எரியும், பிறகு அதுவாக அணையும்.

ஒர்க்‌ஷாப்காரர் கோளாறைக் காட்டும் ஸ்கேனரைத் தொடவே இல்லை. பெட்ரோல் மூடியைத் திறந்து முகர்ந்தார். "எந்த பங்க்ல போட்டீங்க?" சொன்னேன். "அதான் சார்" என்று தலையை ஆட்டினார். மழை வலுத்ததால் நான் ஷெட்டுக்குள் ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். மேலே மஞ்சளாகப் பெட்ரோல், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர். மூடியைச் சுற்றிச் சிவப்பு இன்சுலேஷன் டேப். "உங்க டேங்குல இருந்து எடுத்தது சார். அடியில நிக்குது பாருங்க." அடுத்து ஆயில் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கத்தைக் காட்டினார். வெண்ணெய் தடவியது மாதிரி வெள்ளைப் பிசுக்கு. "ஆயில் வரைக்கும் வந்துருச்சு. இப்படியே ஓட்டுனா ஆறு மாசத்துல எஞ்சினை இறக்கணும்."

டேங்க் கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங், ஆயிலில் ஊற்ற ஒரு 'எஞ்சின் கோட்டிங்', ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் கலக்கச் சொல்லி ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்கள். எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய். பில்லில் ஒரே வரி: 'ஃபுல் எஞ்சின் கேர்'.

வெயில் அடித்த நாட்களில் வண்டி நன்றாகவே ஓடியது. மறுபடி மிஸ்ட் இறங்கியதும் முன்பைவிட மோசம்.

மேட்டுப்பாளையத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைச் சொருகினார். பி0302 என்று வந்தது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். அந்த சிலிண்டரின் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஓட்டிப் பார்த்தார். இப்போது பி0301. காயில் போன இடத்துக்கே கோளாறும் போய்விட்டது. காயிலின் ரப்பரில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு. ஈரம் பட்டால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக வெளியே பாய்கிறது. மிஸ்ட்டில் மட்டும் தகராறு செய்ததற்கு இதுதான் காரணம்.

பிளக்கைக் கழற்றியபோதுதான் அவர் முகம் மாறியது. வெள்ளையாக இருக்க வேண்டிய பீங்கான் செங்கல் நிறத்தில் இருந்தது. "என்னங்க ஊத்துனீங்க இதுல?" ஆக்டேன் பூஸ்டர் என்றேன். "அதானுங்க. பூரா இரும்புத் துரு."

மலிவான ஆக்டேன் பூஸ்டர்கள் சிலவற்றில் ஃபெரோசீன் என்கிற இரும்புச் சேர்மம் இருக்கும். அது எரிந்தால் இரும்பு ஆக்சைடு பிளக்கில் படியும், அது வழியாகக் கரண்ட் கசியும். மிஸ்ஸிங்கை நிறுத்தக் கொடுத்த மருந்தே மிஸ்ஸிங்கைக் கூட்டியிருக்கிறது. ஒரு காயில், மூன்று பிளக், கூலி எல்லாம் சேர்த்தும் கோத்தகிரி பில்லில் பாதி கூட ஆகவில்லை.

அந்தப் பாட்டில் கதைக்கு வருகிறேன். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பது உண்மை. கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கரைந்து எரிந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். குளிர் ஊரில் இன்னும் சீக்கிரம் பிரியும். ஆனால் பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவதே டேங்கின் அடியிலிருந்துதான். அங்கே இரண்டு விரற்கடை தண்ணீர் நின்றிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகி அங்கேயே நின்றிருக்கும், கட்டபெட்டு ஏறியிருக்காது. இன்னொன்று, என் காரில் பம்ப்பைத் தொட வேண்டுமானால் பின்சீட்டைத் தூக்க வேண்டும். மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோன கேரட் மூட்டை பின்சீட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. மேட்டுப்பாளையத்தில் டேங்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பார்த்தோம். கோடும் இல்லை, கலங்கலும் இல்லை. பாவம், அந்த பங்க்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

ஆயில் மூடியின் வெள்ளைப் பிசுக்கு நம் ஊரில் பாதிக் கார்களில் இருக்கும். மார்க்கெட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் ஆயில் சூடாகாது. எஞ்சினுக்குள் உண்டாகிற நீராவி குளிர்ந்த மூடியில் படியும். கூலன்ட் குறையாமலும், டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல இல்லாமலும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இப்படிக் குட்டி ஓட்டமே ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மாதக் கணக்கு வைத்து ஆயில் மாற்றுவது நல்லது.

ஆக்டேன் சமாச்சாரம் இதைவிட வேடிக்கை. பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடித்து எஞ்சின் தட்டுவதுதான் நாக்கிங். ஆக்டேன் என்பது அது வராமல் தாங்கும் அளவு, அவ்வளவுதான். சுத்தத்துக்கோ சக்திக்கோ அது அளவு இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடற்கரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் இங்கே முக்கால்வாசிதான். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் அவ்வளவு குறைவாகத்தான் காற்றுப் போகும், அமுக்கமும் குறையும், நாக்கிங்கும் குறையும். பிஎஸ்-6 சாதாரண பெட்ரோலே 91 ஆக்டேன், எத்தனால் 20 சதவீதம் கலந்தால் ஏறத்தாழ 95. ஆக்டேன் பூஸ்டர் தேவையே இல்லாத ஊர் என்று ஒன்று தமிழ்நாட்டில் இருந்தால் அது நம் ஊர்தான். மேலே வண்டி இழுக்காததற்கும் காற்றுதான் காரணம், பங்க் அல்ல.

'எஞ்சின் கோட்டிங்' விற்றபோது அவர் சொன்னது: "காலையில குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப எஞ்சின்ல ஆயிலே இருக்காது சார்." இதே வசனத்தை அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்கிற ஆயில் அடிட்டிவ் விளம்பரத்தில் சொல்லப்போய், ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. 1997-ல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. கார் கம்பெனி சொல்கிற ஆயிலிலேயே தேய்மானத் தடுப்பும் அழுக்கு நீக்கியும் அளந்துதான் கலந்திருக்கிறார்கள்.

எல்லா பாட்டிலும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பாலிஈதர் அமீன் என்கிற வேதிப்பொருள் உள்ள நல்ல கிளீனர் இன்ஜெக்டரில் படிந்த அழுக்கை உண்மையாகவே எடுக்கும். வெடித்த ரப்பரை அது ஒட்டாது. எத்தனாலால் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதும் நிஜம், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி அதில் குறைவு. பழைய கார் என்றால் பெட்ரோல் ஹோஸ்களை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

கலப்படமே இல்லை என்றும் அர்த்தமில்லை. கலப்பட பங்க் மேல் நடவடிக்கை எடுத்ததற்காக 2005-ல் உத்தரப் பிரதேசத்தில் மஞ்சுநாத் சண்முகம் என்ற இந்தியன் ஆயில் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் நாக்கிங் வரும், எரியாத மிச்சம் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். அது எஞ்சின் ஆயுளைத் தின்னும். சந்தேகம் வந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கொடுத்தாக வேண்டும். ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய வேண்டும். அடர்த்தியும் அளந்து காட்டச் சொல்லலாம். பதிவேட்டில் உள்ளதற்கும் அளந்ததற்கும் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.

பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "மூடில சிவப்பு டேப்பா?" அவருக்குப் போன வருடமே காட்டிவிட்டார்கள். அவர் பெட்ரோல் போடுவது ஊட்டியில்.

பூஸ்டர் பாட்டிலில் தயாரிப்பாளர் முகவரி இல்லை, விலை இல்லை, மாதம் வருடம் இல்லை. இதெல்லாம் சட்டப்படி இருந்தாக வேண்டும். காலி பாட்டில், சிவந்த பிளக், பில் மூன்றையும் போட்டோ எடுத்து 1915 என்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அந்த டேப் சுற்றிய பாட்டிலை உங்களுக்கும் காட்டியிருந்தால் பில்லோடு எனக்கு எழுதுங்கள், சேர்த்து அனுப்புகிறேன்.